எண்களே பெயரான கப்பல்கள்

பசிபிக் போரின் கரையிறக்கங்களைப் பேசும் நூல்களில் ராக்கெட் கப்பல்களின் படம் பெரும்பாலும் இருக்கும். சிறிய தட்டைக் கப்பல், அதிலிருந்து கரை நோக்கிப் பாயும் நூற்றுக்கணக்கான புகைக்கோடுகள். எத்தனை ராக்கெட்டுகள் ஏவப்பட்டன என்ற கணக்கும் அருகில் இருக்கும். அவை எதைத் தாக்கின என்பதைத் தேடிப் பார்க்கவேண்டும். ஏவப்பட்ட எண்ணிக்கையையே வெற்றியின் அளவாகக் கொள்ளும் இந்தப் பழக்கம் பிழையானது. அக்கப்பல்களின் உண்மையான வரலாற்றை அது மறைத்துவிடுகிறது.

அவை ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடையாகப் பிறந்தவை. 1943 நவம்பர் 20 அன்று தாராவாவில், முதல் அலைப் படகுகள் கரையைத் தொடுவதற்கு ஏறத்தாழ கால் மணி நேரம் முன்பே போர்க்கப்பல்களின் குண்டுவீச்சு நின்றுவிட்டது. அந்த இடைவெளியில் ஜப்பானியர் மீண்டும் துப்பாக்கிகளுக்குத் திரும்பினர். பவளப்பாறையில் படகுகள் தட்டி நிற்க, வீரர்கள் நீரில் நடந்தே கரைசேர முயன்றனர். மூன்று நாள் போரில் ஏறக்குறைய ஆயிரம் அமெரிக்கர் மாண்டனர். கடைசி நிமிடங்களில் கரைக்கு மிக அருகிலிருந்து சுடக்கூடிய கலம் தேவை என்பது தெளிவாயிற்று. பீரங்கியின் பின்னுதைப்பைத் தாங்கக் கனமான கப்பல் வேண்டும். ராக்கெட்டுக்குப் பின்னுதைப்பு இல்லை; சாதாரண இரும்புச் சட்டமே போதும். குறிபார்த்தல் மோசம்தான். ஆனால் ஒரு முழுக் கரையையும் சில நொடிகளில் அடித்து, உள்ளிருப்பவரைத் தலைதூக்கவிடாமல் செய்ய அதுவே போதுமானதாயிருந்தது.

1944 தொடக்கத்தில் குவாஜலீனில், ராக்கெட் பொருத்திய சிறு துப்பாக்கிப் படகுகள் இப்பணியைச் செய்தன. அவ்வாண்டு இறுதியில் சார்ல்ஸ்டன் கடற்படைத் தளத்தில் பன்னிரண்டு நடுத்தரத் தரையிறக்கக் கப்பல்கள் முழு ராக்கெட் கப்பல்களாக மாற்றப்பட்டன. தளமெங்கும் நிலையாகப் பொருத்திய ஏவுசட்டங்கள். குறிவைக்கக் கப்பலையே திருப்பவேண்டும். அவற்றுக்குப் பெயர் சூட்டப்படவில்லை. எல்.எஸ்.எம்.(ஆர்) 188 முதல் 199 வரை, எண்கள் மட்டுமே.

ஆனால் அவை போர்முனையை அடைவதற்குள் எதிராளி பாடம் மாற்றியிருந்தான். கரையிலேயே தடுப்பது என்ற கொள்கையைக் கைவிட்டு, பெலிலியுவில் குகைகளுக்குள் பின்வாங்கிப் போரிட்டனர் ஜப்பானியர். 1945 ஏப்ரல் 1 அன்று ஒகினாவாவின் ஹகூஷி கரையில் எதிர்ப்பு மிகக் குறைவு. ஜெனரல் உஷிஜிமாவின் படை தெற்கே ஷுரி மலைப்பகுதியில் காத்திருந்தது. 1943இன் கேள்விக்கான விடை, பெரும்பாலும் ஆளில்லாத மணலில் விழுந்தது.

ஈவோ ஜிமாவில் நடந்தது இன்னும் வியப்பானது. தரையிறக்கத்துக்கு இரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 17 அன்று, முக்குளிப்பு வீரர்களுக்குத் துணையாகப் பன்னிரண்டு துப்பாக்கிப் படகுகள் கரையை நெருங்கின. அதுவே பெருந்தாக்குதல் என்று ஜப்பானியப் பீரங்கிப்படையினர் எண்ணி, அதுவரை மறைந்திருந்த பீரங்கிகளை இயக்கினர். பன்னிரண்டு படகுகளும் அடிபட்டன, ஒன்று மூழ்கியது. வெளிப்பட்ட பீரங்கி நிலைகளை மறுநாள் பெருங்கப்பல்கள் குறிவைத்தன. அன்றைய மிகப் பெரிய பயன், அப்படகுகள் எதைச் சுட்டன என்பதால் வந்ததன்று; சுடப்பட்டதால் வந்தது.

இவற்றையெல்லாம்விட ஆராயப்படவேண்டியது ஒகினாவாவின் பிற்பகுதி. தரையிறக்கம் முடிந்ததும், ராக்கெட் கப்பல்கள் தீவைச் சுற்றிய ராடார் காவல் நிலையங்களுக்கு அனுப்பப்பட்டன. காமிகாசே விமானங்கள் முதலில் பாயும் இடங்கள் அவை. கரையைச் சுடும் ராக்கெட் வானத்தில் பயனற்றது. தளம் முழுவதும் வெடிமருந்து. விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளோ சில. இதைத் தவறான பயன்பாடு என்று சொல்வதில் தயக்கம் தேவையில்லை. மே 3 அன்று 195ஆம் எண் கப்பல் தாக்கப்பட, அதன் ராக்கெட்டுகளே வெடிக்கத் தொடங்கின, அது மூழ்கியது. மறுநாள் 190, 194 ஆகியவையும் மூழ்கின. பன்னிரண்டில் மூன்று, இரண்டே நாளில்.

சொல்லாய்வில் ஈடுபாடுள்ளவர்களுக்கு இங்கே ஒரு செய்தி உண்டு. சுட்ட கப்பல்களுக்குப் பெயரில்லை. ஆனால் சுடப்பட்டவர்கள் அந்தச் சூட்டுக்குப் பெயரிட்டார்கள். கடலிலிருந்தும் வானிலிருந்தும் மூன்று மாதம் பொழிந்த குண்டுமழையை ஒகினாவா மக்கள் இன்றும் ‘இரும்புப் புயல்’ என்றே குறிக்கின்றனர். ஏறத்தாழ ஒரு லட்சம் பொதுமக்கள் இறந்ததாக மதிப்பிடப்படும் அப்போரின் அனுபவங்களைத் தொகுத்து, 1950இல் ஒகினாவா டைம்ஸ் நாளேடு வெளிக்கொணர்ந்த நூலின் தலைப்பும் அதுவே.