அணி எழுத்தும் பிணி எழுத்தும்

அருப்புக்கோட்டையை அடுத்த பாலவனத்தம் வானம் பார்த்த ஊர். ஆயினும் தமிழ் வற்றாத ஊர். அவ்வூர்த் தலைவர் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவினார். ‘செந்தமிழ்’ இதழும் நூற்பதிப்புகளும் அதன்வழி வெளிவந்தன. (சங்கத்தின் அச்சகத்துக்கு ‘முத்திராசாலை’ என்று பெயரிட்டது அக்காலத்துப் பிணி, அதை மறந்துவிடலாம்.) எதுகைக்காகக் குறளைத் ‘திருத்தி’ அச்சிட்ட ஆங்கிலேயர் ஒருவரின் படிகளையெல்லாம் விலைகொடுத்து வாங்கி அவர் அழித்தார் என வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

அம்மண்ணில் இன்று திருமண அழைப்பிதழையும் கடைப் பெயர்ப்பலகையையும் தெருமுனைத் தட்டியையும் பார்த்தால் நெஞ்சு வேகின்றது. கணிப்பொறி வந்தபின் அழகு என்னும் பெயரால் தமிழெழுத்துக்கு அயலார் செருப்பை மாட்டிவிடுகின்றனர். இலத்தீன் எழுத்தில் கோட்டின் நுனிதோறும் ஒரு குறுக்குக்கட்டை நிற்கும். உரோமர் கல்லில் வெட்டிய எழுத்துகளிலேயே அது உண்டு. அம்மொழிக்கு அது பொருந்தும், அழகும் தரும். அதில் எவர்க்கும் பகையில்லை. தமிழோ ஓலைமேல் எழுத்தாணியால் வளர்ந்த எழுத்து. வளைவும் சுழியுமே அதன் உடல். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானபோது வார்த்த எழுத்தும் ஓலைக் கையெழுத்தின் சாயலையே கொண்டிருந்தது.

இது வெறும் அழகுச் சண்டையன்று. ஓலையில் ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடில்லை. இன்று ரகரத்தின் அடியில் சாய்ந்திறங்கும் சிறு கோடே இரண்டையும் பிரிக்கின்றது. காலின் அடியிலும் ஒரு கட்டையை ஒட்டினால் ‘காடு’ ‘கரடு’ ஆகிவிடும். எகரத்தின் அடியில் ஒட்டினால் ‘எடு’ என்றது ‘ஏடு’ என நிற்கும். எகர ஏகாரத்தைப் பிரிக்க வீரமாமுனிவர் கண்ட வழி என்று சொல்லப்படும் அக்கோட்டை, ஓர் அணிகலன் அழித்துவிடுகின்றது. தடித்த கோடுகளால் ணகரச் சுழி அடைபடுவதும், மெய்யின் புள்ளி பூவேலைக்குள் மறைவதும் இதனினும் கொடியவை. புள்ளி தமிழில் ஒப்பனையன்று, இலக்கணம்.

அணி எழுத்தே வேண்டா என்பதன்று. நூல்முகப்பு, இயல்தலைப்பு, வாழ்த்துமடல் ஆகியவற்றுக்கு அது தக்கதே. நெடும்பத்திக்கு ஆகாது, கண் களைத்துவிடும். அணிக்கு வேண்டிய செல்வமும் தமிழிலேயே கிடக்கின்றது. 1978-இல் தமிழ்நாட்டரசின் ஆணையால் அச்சை விட்டு நீங்கிய ணை, லை, ளை, னை ஆகியவற்றின் மேல்வளைந்த கொம்பும், ணா, றா, னா ஆகியவற்றின் சுழித்த காலும் எத்துணை எழில் வாய்ந்தவை! அச்சுக்கோப்பவர்க்கு அவை சுமையாயிருந்தன. பாடநூலுக்கு அவற்றை மீட்க வேண்டியதில்லை. தலைப்பெழுத்தில் அவை வாழட்டும். சங்கத்தின் பழம்பதிப்பைத் திறக்கும் மாணவன் இன்று அவ்வடிவங்களைக் கண்டு திகைக்கின்றான். அழைப்பிதழில் பழகிய கண் அங்கே தடுமாறாது.

எழுத்துரு வரைவோர், விற்குமுன் ‘காடு’ என அடித்துத் தட்டியில் ஏற்றுக. இருபதடி தள்ளி ஒரு சிறுவனை நிறுத்திப் படிக்கச் சொல்லுக. அவன் ‘கரடு’ என்றால், வரைந்ததைத் திருப்பி எடுத்துக்கொள்க.