2,000 ரவுண்டு சுட்டும் ஜாம் ஆகாத பட்ஜெட் பிஸ்டல்... நம்பலாமா?

பைக் ஒன்றின் 'லாங் டேர்ம் ரிவ்யூ' பார்க்கத்தான் யூடியூபைத் திறந்தேன். அல்காரிதம் சும்மா விடுமா? ஒரு மணி நேரத்தில் அமெரிக்காவில் ஏதோ ஒரு பொட்டல் வெளியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. காதில் மஃப் மாட்டிய ஒருவர், சுமார் 200 டாலருக்கு வாங்கிய பிஸ்டலை வைத்துச் சுட்டுக்கொண்டே இருக்கிறார். துடைக்கவில்லை, எண்ணெய் போடவில்லை. ஸ்கிரீன் ஓரத்தில் எண்ணிக்கை ஓடுகிறது. 500... 1,000... 2,000. ஒரு ஜாம்கூட இல்லை. 'தாராளமா வாங்கலாம்' என்கிற ரேஞ்சில் வீடியோ முடிகிறது.

அப்படியே நம்ம ஊர் போன் ரிவ்யூ மாதிரி இருந்தது. ஆனால், போன் ஹேங் ஆனால் ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம். பிஸ்டல் சுட வேண்டிய நேரத்தில் சுடாமல் போனாலோ, சுடக்கூடாத நேரத்தில் சுட்டுவிட்டாலோ ரீஸ்டார்ட் பட்டன் கிடையாது.

இந்த மாதிரி வீடியோக்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. சொந்தக் காசில் தோட்டா வாங்கி, நாள்கணக்கில் உட்கார்ந்து சுட்டுப் பார்க்கிறவர்கள் நிறைய பேர். என் பிரச்னை வேறு. மலிவான பிஸ்டல் நீண்ட நாள் உழைக்குமா, பாதுகாப்பானதா என்கிற கேள்விக்கு ஒரு யூடியூபரால் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல வேண்டிய அரசு அமைப்பின் கையை அமெரிக்கச் சட்டமே கட்டிப்போட்டிருக்கிறது. அந்தக் காலியிடத்தில்தான் இந்த வீடியோக்கள் வளர்கின்றன.

முதலில், 'நம்பகம்' என்றால் என்ன?

பிஸ்டலைப் பொறுத்தவரை இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, சுட வேண்டியபோது சுடுவது. ஒவ்வொரு முறை சுட்டதும் ஸ்லைடு பின்னால் போய், காலிக் கூட்டை வெளியே தள்ளி, மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு முன்னால் வர வேண்டும். இதில் எந்த இடத்தில் சிக்கினாலும் ஜாம்.

இரண்டு, சுடக்கூடாதபோது சுடாமல் இருப்பது. கீழே விழுந்தாலும், இடிபட்டாலும், ட்ரிக்கரைத் தொடாதவரை அது அமைதியாக இருக்க வேண்டும்.

ரவுண்டு எண்ணும் வீடியோக்கள் முதல் கேள்விக்கு மட்டும் பாதி பதில் சொல்கின்றன. ஆளைக் கொல்வது பெரும்பாலும் இரண்டாவது பிரச்னைதான்.

ஏன் பாதி பதில்? ஒரு சின்னக் கணக்கு

புள்ளியியலில் எளிமையான ஒரு விதி உண்டு. ஒரு சோதனையை n முறை செய்து ஒரு முறைகூடத் தவறு நடக்கவில்லை என்றால், தவறு நடக்கும் வாய்ப்பு அதிகபட்சம் 3/n என்று 95% உறுதியோடு சொல்லலாம். அதாவது, 300 ரவுண்டு ஜாம் இல்லாமல் சுட்டால், 'நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் ஜாம் ஆகாது' என்று மட்டுமே சொல்ல முடியும். 'ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆகாது' என்று சொல்ல 3,000 ரவுண்டு வேண்டும்.

அதுவும் அந்த ஒரே ஒரு துப்பாக்கிக்குத்தான். அதே மாடலில் வெளிவந்த லட்சக்கணக்கான துப்பாக்கிகளுக்கு இது பொருந்த வேண்டிய அவசியமே இல்லை. மலிவுப் பொருளில் அடிக்கடி உதைப்பது டிசைன் மட்டும் அல்ல. ஒரு பேட்ச்சுக்கும் அடுத்த பேட்ச்சுக்கும் உள்ள வித்தியாசமும்தான். ஒரு வாரம் வந்த ஸ்பிரிங் நன்றாக இருக்கும், அடுத்த வாரம் வந்தது சொதப்பும். ரிவ்யூவருக்குக் கிடைத்தது எந்த வாரத்துச் சரக்கு என்று அவருக்கே தெரியாது. கம்பெனியே அனுப்பிய பீஸ் என்றால் கேட்கவே வேண்டாம். போன் ரிவ்யூ பார்த்துப் பழகிய நமக்கு இது புதுசா என்ன?

செலவையும் பாருங்கள். ஒரு 9 எம்எம் தோட்டா சுமார் 25 சென்ட் என்று வைத்துக்கொண்டால், 2,000 ரவுண்டுக்கு 500 டாலர். பிஸ்டலின் விலையைப் போல இரண்டரை மடங்கு! இதை மூன்று, நான்கு துப்பாக்கிகளில் யார் செய்து பார்ப்பார்கள்? 200 டாலர் துப்பாக்கி வாங்குகிறவரால் நிச்சயம் முடியாது.

டிராயரில் கிடக்கும் துப்பாக்கி

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 'லாங் டேர்ம்' என்றால் நிறைய ரவுண்டு என்று ரிவ்யூவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் தற்காப்புக்கு என்று மலிவாக ஒன்று வாங்குகிறவர்களில் எத்தனை பேர் 2,000 ரவுண்டு சுடப் போகிறார்கள்? ஒன்றிரண்டு பெட்டி சுட்டுப் பார்த்துவிட்டு, லோடு செய்து டிராயரில் வைத்துவிடுவார்கள். வருஷக்கணக்கில் அது அங்கேயே கிடக்கும். எண்ணெய் காயும், தூசியும் பஞ்சும் சேரும். அவர்களுக்கு 'லாங் டேர்ம்' என்பது அதுதான்.

தோட்டாவும் வேறு. டெஸ்ட்டில் பெரும்பாலும் பயன்படுத்துவது மலிவான, உருண்டை மூக்குள்ள பயிற்சித் தோட்டா. தற்காப்புக்கு என்று வீட்டில் ஏற்றி வைப்பது 'ஹாலோ பாயின்ட்', முனை குழிந்த தோட்டா. ஒன்று சீராக ஏறுவதால் இன்னொன்றும் ஏறிவிடும் என்று சொல்ல முடியாது. ஆக, டெஸ்ட் செய்யப்பட்டது ஒன்று, நம்பி வைத்திருப்பது வேறொன்று.

இரண்டு 'பத்து லட்சம்' கதைகள்

2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தது ஞாபகம் இருக்கும். ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. செப்டம்பர் நடுவிலேயே அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் களத்தில் இறங்கி, அங்கே விற்ற சுமார் 10 லட்சம் போன்களுக்கு ரீகால் அறிவித்தது. விமானத்தில் ஏறினால் 'நோட் 7 இருக்கா?' என்று நம்மையே கேட்டார்களே, அதே சமயம்தான்.

இப்போது இன்னொரு கதை. 2013-ல் ஐயோவா மாநிலத்தில் ஒரு ஷெரிஃப் அலுவலக அதிகாரி, சந்தேக நபரைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார். இடுப்பிலிருந்த டாரஸ் பிஸ்டல் நழுவித் தரையில் விழுகிறது. யாரும் ட்ரிக்கரைத் தொடவில்லை. ஆனாலும் வெடித்து, நின்றுகொண்டிருந்த ஒரு வண்டியில் குண்டு பாய்கிறது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை.

அவர் வழக்குப் போட்டார். அது அதே மாதிரி துப்பாக்கி வைத்திருந்த எல்லோருக்குமான வழக்காக மாறி, 2015-ல் சமரசத்தில் முடிந்தது. ஒன்பது மாடல்கள், கிட்டத்தட்ட 10 லட்சம் பிஸ்டல்கள். துப்பாக்கியில் குறை இருப்பதாக பிரேசில் நாட்டுக் கம்பெனியான டாரஸ் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் திருப்பி அனுப்புகிறவர்களுக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. பிரேசிலின் சாவோ பாலோ மாநில ராணுவ போலீஸ், அதே 2013-ல் சுமார் 98,000 டாரஸ் பிஸ்டல்களைப் பணியிலிருந்து திரும்பப் பெற்றது. மொத்தமாக வாங்கும் போலீஸால் 'இது வேண்டாம்' என்று சொல்ல முடிந்தது. அமெரிக்காவில் தனித்தனியாக வாங்கியவர்களுக்கு ஒரு வழக்குதான் கதி.

போனுக்கு சில வாரம், துப்பாக்கிக்கு வருஷக்கணக்கில் கோர்ட். ஏன் இந்த வித்தியாசம்?

பொம்மைக்குச் சட்டம் உண்டு, நிஜத்துக்கு இல்லை

1972-ல் அமெரிக்கா நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. டோஸ்டர், தொட்டில், பொம்மை எல்லாம் அதற்குள் வரும். துப்பாக்கி வராது. 1976-ல் வந்த திருத்தம் அதை இன்னும் இறுக்கியது. துப்பாக்கி, தோட்டா பக்கம் ஆணையம் தலையே வைத்துப் படுக்க முடியாது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? சிறுவர்கள் சுட்டு விளையாடும் ஏர்கன் ஆணையத்தின் அதிகாரத்துக்குள் வருகிறது. 2001-ல் டெய்சி நிறுவனத்தின் ஏர்கன்களில் குறை இருப்பதாகச் சொல்லி ஆணையம் வழக்கே தொடுத்தது. நிஜத் துப்பாக்கி என்றால் அந்த வாசல் மூடியிருக்கிறது. கம்பெனியாக மனது வைத்துத் திரும்ப வாங்கினால் உண்டு. இல்லையென்றால் யாராவது அடிபட்டு வழக்குப் போட வேண்டும்.

அப்படி அடிபட்டவர்களில் ஒரு குழந்தையும் இருக்கிறான். லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றி ஒரு காலத்தில் மலிவு பிஸ்டல் கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்தன. அதில் ஒன்று பிரைகோ ஆர்ம்ஸ். அதன் ஒரு மாடலில், உள்ளே இருக்கும் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும் என்றால் முதலில் சேஃப்டியை விலக்கியாக வேண்டும். 1994-ல் கலிபோர்னியாவில் ஒருவர் அப்படி எடுக்க முயன்றபோது வெடித்து, 7 வயதுச் சிறுவன் பக்கவாதத்தில் விழுந்தான். 2003-ல் ஜூரி, துப்பாக்கியைத் தயாரித்த தரப்பின் தலையில் சுமார் 2.4 கோடி டாலரைச் சுமத்தியது. கம்பெனி திவால் நோட்டீஸ் கொடுத்தது. தீர்ப்பு வர ஒன்பது வருஷம். அதுவரை அந்த டிசைனைச் சோதித்துப் பார்த்தது யார்? வாங்கியவர்களும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான்.

கலிபோர்னியா செய்து பார்த்தது

சட்டத்தால் முடியவே முடியாது என்று இல்லை. கலிபோர்னியா 1999-ல் ஒரு சட்டம் போட்டு, 2001 முதல் அமலாக்கியது. ஒரு மாடலைக் கடையில் விற்க வேண்டும் என்றால், ஆய்வகத்தில் மூன்று துப்பாக்கிகள் தேற வேண்டும். ஒவ்வொன்றிலும் 600 ரவுண்டு சுடுவார்கள். முதல் 20 ரவுண்டில் ஒரு ஜாம்கூடக் கூடாது, மொத்தத்தில் ஆறைத் தாண்டக்கூடாது. பிறகு ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து, ஆறு விதமாகக் கான்கிரீட்டில் போட்டுப் பார்ப்பார்கள். வெடித்தால் அவுட்.

600 ரவுண்டுக்கு ஆறு ஜாம் என்றால் நூற்றுக்கு ஒன்று. பெரிய கெடுபிடி ஒன்றும் இல்லை. யூடியூபர் இதைவிட அதிகமாகவே சுடுகிறார். ஆனால் இதில் மூன்று பீஸ் இருக்கிறது, விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி இருக்கிறது. பட்டியலில் உள்ள மாடல்களைக் கடையிலிருந்தே எடுத்து மறுபடி சோதிக்க மாநில அரசுக்கு அதிகாரமும் இருக்கிறது. வீடியோவில் இல்லாத மூன்று விஷயங்கள்!

'விலை ஏறிடும்' என்கிறவர்களுக்கு

எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்க வேண்டும். 'டெஸ்ட், கட்டுப்பாடு என்று ஆரம்பித்தால் விலை ஏறும். ஆபத்தான ஏரியாவில் வாழும் ஏழைக்குத்தான் தற்காப்பு கை நழுவும். பாதுகாப்பு என்ற பெயரில் பின்வாசல் வழியாகத் தடை கொண்டுவருவார்கள்' என்கிறார்கள்.

பயம் முழுக்க ஆதாரமில்லாதது அல்ல. சுட்ட கூட்டில் துப்பாக்கியின் அடையாளத்தைப் பதிக்கும் 'மைக்ரோஸ்டாம்பிங்' தொழில்நுட்பத்தை 2013-ல் கலிபோர்னியா கட்டாயமாக்கியது. அதன் பிறகு புது மாடல் பிஸ்டல்கள் பட்டியலுக்குள் வருவதே கிட்டத்தட்ட நின்றுபோனது. இதைப் பார்த்த துப்பாக்கி ஆர்வலர்கள் அடுத்த சட்டத்தைச் சந்தேகிப்பது இயல்புதான்.

ஆனால் அதற்காக, சோதனையே வேண்டாம் என்றால் அந்த ஏழைக்கு என்ன கிடைக்கிறது? விலை குறைவு, ரிஸ்க் அதிகம். ஹெல்மெட் மலிவாக இருக்கலாம், அடிபட்டதும் உடையக்கூடாது. அந்தக் குறைந்தபட்ச நியாயத்தைத்தான் கேட்கிறேன்.

விலை அதிகம் என்றால் தப்பித்துவிடலாம் என்றும் இல்லை. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம், சிக் சாவர் பி320 பிஸ்டலை அடிப்படையாகக் கொண்ட மாடலுக்கு 58 கோடி டாலர் வரை போகக்கூடிய ஒப்பந்தம் கொடுத்தது. அதே ஆகஸ்டில், பொதுமக்களுக்கு விற்ற பி320, குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கலாம் என்பது அம்பலமானது. வழக்கமான டிராப் டெஸ்ட்டில் பாஸான துப்பாக்கி அது. அந்தக் கோணம் டெஸ்ட்டில் இல்லை, அவ்வளவுதான். கம்பெனி தானாக முன்வந்து இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது.

எந்த டெஸ்ட்டும் முழுமையானது இல்லை என்பதுதான் இதிலுள்ள பாடம். அதனால்தான் டெஸ்ட்டோடு சேர்த்து, விற்ற பிறகு வரும் புகார்களை ஒரே இடத்தில் திரட்டவும், 'திரும்ப வாங்கு' என்று உத்தரவிடவும் ஒரு அமைப்பு தேவைப்படுகிறது. அதற்கு யாருடைய துப்பாக்கியையும் பிடுங்க வேண்டியதில்லை. நோட் 7 ரீகால் ஆனதால் யாரும் போன் வைத்துக்கொள்ளும் உரிமையை இழக்கவில்லையே!

நமக்கு ஏன் இந்தக் கவலை என்று கேட்கலாம். நம் வகுப்பில் படித்தவர்கள், நம் வீட்டு அண்ணன், அக்காக்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களின் பக்கத்து வீட்டு டிராயரில் கிடப்பது இந்தத் துப்பாக்கிகளில் ஒன்றாக இருக்கலாம்.

அடுத்த முறை '2,000 ரவுண்டு, ஜீரோ ஜாம்' என்று தம்ப்நெயில் வந்தால் பாருங்கள், தப்பில்லை. ஆனால் எத்தனை பீஸ் டெஸ்ட் செய்தார், எந்தத் தோட்டா போட்டார், கீழே போட்டுப் பார்த்தாரா என்று மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நாலாவது கேள்வி அவருக்கானது இல்லை. அந்த மாடலில் குறை இருப்பது நாளைக்குத் தெரிந்தால், வாங்கியவர்களிடம் அதைச் சொல்லப் போவது யார்? அதற்கு அமெரிக்க நாடாளுமன்றம்தான் பதில் சொல்ல வேண்டும். 1976-லிருந்து அது பாக்கி நிற்கிறது.