ஒரு கண்ணில் வெண்ணெய், கேமராக் கண்ணில் சுண்ணாம்பா?

சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த இடங்கள் நன்றாகத் தெரியும். நான்கு வழியில் பறந்து வரும் வண்டி, சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் என ஒவ்வொரு ஊரின் புறவழிச்சாலையிலும் நுழைந்தவுடன் திடீரென இரண்டு வழிக்குள் சிக்கியது. நடுவே தடுப்பு இருக்கவில்லை. எதிரே லாரி! அந்தச் சாலையை அப்படித்தான் கட்டினார்கள். சுங்கம் வசூலிக்க யாரும் தாமதிக்கவில்லை. இருவழியை நான்கு வழியாக்கும் பேச்சுதான் ஆண்டுக்கணக்கில் நடந்தது.

இப்போது நாடெங்கும் புதிய பேச்சு ஒன்று. வேகத்தைப் பிடிக்க கேமரா, நம்பர் பிளேட்டைப் படிக்க கேமரா, வீடு தேடி வரும் அபராதச் சலான். இது தேவையா, இல்லையா?

தேவைதான்!

"கேமரா என்பதே வசூல் வேட்டை" என்று சிலர் கூச்சலிடுகிறார்கள். நாம் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டோம். 2022 ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அதில் தமிழகத்தின் பங்கு 17,884 உயிர்கள். அந்த ஆண்டு 64,105 விபத்துகளுடன் நாட்டிலேயே முதலிடம் பிடித்ததும் நம் மாநிலம்தான். எதில் முதலிடம் வாங்குவது என்ற விவஸ்தை வேண்டாமா? நாட்டில் செத்தவர்களில் பத்துக்கு ஏழு பேரின் சாவுக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. செத்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அதாவது காரில் போகும் கனவான்கள் அல்ல. ஏழையும் நடுத்தர வர்க்கமும்தான் அதிகம் சாகிறார்கள்.

இந்தக் கொடுமையை உச்சநீதிமன்றத்தின் வாசலுக்குக் கொண்டு சென்றவர் ஒரு தமிழர். எலும்பு முறிவு மருத்துவரான கோவை டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012 இல் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதே வழக்கில்தான் 2024 இல், மின்னணுக் கண்காணிப்புக்கான 136-ஏ பிரிவை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது.

இன்னொரு நியாயமும் உண்டு. கேமரா தாடியைப் பார்க்காது, தொப்பியைப் பார்க்காது, சாதியைக் கேட்காது, நூறு ரூபாய்க்குக் கை நீட்டாது. 1990களில் கோவை கோட்டைமேட்டைச் சுற்றி நின்ற சோதனைச் சாவடிகளை மறக்காத சமுதாயம் இது. எண்ணை மட்டும் பார்க்கும் இயந்திரத்தை நாம் ஏன் எதிர்க்க வேண்டும்?

ஆனால்...

இயந்திரம் பாகுபாடு பார்க்காது. அதை எங்கே நடுவது என்று முடிவெடுப்பவர் மனிதர். பதிவான படத்தை யார் பார்ப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது என்று முடிவெடுப்பவரும் மனிதர்தான். வேகத்தைப் பிடிக்க வைத்த கேமரா, யார் எந்தப் பள்ளிவாசலுக்குப் போனார், யார் எந்தக் கூட்டத்துக்குப் போனார் என்று கணக்கெடுக்கும் கருவியாகிவிடக் கூடாது.

2021 ஆகஸ்டில் வந்த 167-ஏ விதி என்ன சொன்னது? கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்றது. கேமரா இருக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்றது. சலானில் தெளிவான படமும், அளந்த வேகமும், இடமும் நேரமும் இருக்க வேண்டும் என்றது. நல்ல விதி! ஆனால் சலான் வந்தவுடன் "இந்தக் கருவியின் சான்றிதழைக் காட்டு" என்று கேட்க எத்தனை பேருக்குத் தெரியும்? வண்டியை விற்று, பெயர் மாற்றாமல் விட்ட ஏழை, யாரோ ஓட்டிய வண்டிக்கு வந்த அபராதத்தோடு எந்த வாசலில் போய் நிற்பான்?

பக்கத்து மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். 726 கேமராக்களை நிறுத்தி, 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். ஒப்பந்தத்தில் ஊழல் என்று எதிர்க்கட்சி நீதிமன்றம் போனது. தாய் தந்தையோடு ஸ்கூட்டரில் போகும் பிள்ளைக்கும் அபராதமா என்று மக்கள் கேட்டார்கள். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அபராதம் இல்லை என்று அமைச்சர் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஏழையின் குடும்ப வாகனம் எது என்பதே கேமராவை வாங்கியவர்களுக்குத் தெரியவில்லை!

யாருக்கு அபராதம்?

2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 136-ஏ மட்டும் இல்லை. 198-ஏ என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. சாலையை உரிய தரத்தில் வடிவமைக்காத, கட்டாத, பராமரிக்காத அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்! ஹெல்மெட் போடாதவனிடம் ஆயிரம் ரூபாய் வாங்கும் சட்டம்தான் இதையும் சொல்கிறது. நான்கு வழியை இரண்டு வழியில் கொண்டுபோய்ச் சொருகியவர்களுக்கு இந்தப் பிரிவின் சலான் எப்போது போகும்? அதற்கு எந்தக் கேமரா?

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறிப் பாருங்கள். கல்வராயன் மலையின் உள்கிராமத்து மக்களுக்குப் பிரச்சினை வேகம் அல்ல; சாலையும் பேருந்தும்தான். பேருந்து இல்லாதவன் சரக்கு வண்டியில் ஏறுகிறான். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் குற்றம். ஏறாவிட்டால் ஆஸ்பத்திரி இல்லை, சந்தை இல்லை. 2024 இல் சென்னை உயர்நீதிமன்றம் இந்த மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக் கேள்வி கேட்க வேண்டிய அளவுக்குத்தான் ஆட்சியாளர்களின் அக்கறை இருந்தது.

அதற்குக் காரணம் என்ன? அதே ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது! கள்ளச்சாராயம் ஒருபுறம், அரசே விற்கும் டாஸ்மாக் மறுபுறம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே நகராட்சி எல்லைக்குள் விலக்கு வந்துவிட்டது. குடிக்க வைப்பதும் அரசு, குடித்து ஓட்டினால் பத்தாயிரம் அபராதம் போடுவதும் அரசு! நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் தள்ளாடி வரும் குடிகாரனை எந்த வேகக் கேமரா பிடிக்கும்?

எனவே ஆட்சியாளர்களுக்குச் சொல்கிறோம். கேமரா வையுங்கள். ஆனால் அதிகம் பேர் செத்த இடத்தில் வையுங்கள், அதிகம் வசூலாகும் இடத்தில் அல்ல. முதலில் அந்த இடத்தின் சாலையைச் சரிசெய்யுங்கள். கருவியின் சான்றிதழையும் வசூலான தொகையையும் மாவட்டந்தோறும் வெளியிடுங்கள். அந்தப் பணத்தை அதே சாலைக்கும், அடிபட்டவர்களைக் காக்கும் ஆம்புலன்சுக்கும் செலவிடுங்கள். தவறான சலானைத் தாலுகா அளவிலேயே ரத்து செய்ய வழி செய்யுங்கள். மலைக்குப் பேருந்து விடுங்கள்.

நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசின் குற்றத்தைச் சொல்லிவிட்டு நம் குற்றத்தை மறைக்க முடியாது. கேமரா இருக்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, தாண்டியவுடன் முறுக்குபவன் அபராதத்துக்குப் பயப்படுகிறானே தவிர, உயிருக்கு மதிப்பளிக்கவில்லை. உங்களுக்காக வாசலில் காத்திருக்கும் தாயின் கண்ணைவிடப் பெரிய கேமரா எது?