அசையும் உறுப்பும்

வேதியியல் நூலில் நீண்ட ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் மாணவர் பலர் அதனை ஒலித்துண்டுகளாக்கி மனப்பாடம் செய்கின்றனர். ஒலிப்புக்கு அது துணைசெய்யும், பொருளுணர்வுக்கு உதவாது.

1834இல் மைக்கேல் பாரடே வழக்கிற்குக் கொணர்ந்த ‘எலெக்ட்ராலிசிஸ்’ என்னும் சொல்லை நோக்குக. எ-லெக்-ட்ரால்-இ-சிஸ் என ஐந்து அசைகளாக அது ஒலிக்கும். அவற்றுள் ஒன்றேனும் தனியே பொருள் தருவதில்லை. கிரேக்க வழி நோக்கின் உறுப்புகள் இரண்டே: மின்சாரத்தைச் சுட்டும் ‘எலெக்ட்ரோ’, அவிழ்த்தல் என்னும் பொருளுடைய ‘லிசிஸ்’. ‘ட்ரால்’ என்னும் அசையோ முன்னுறுப்பின் இறுதியையும் பின்னுறுப்பின் முதல் மெய்யையும் ஒருங்கே விழுங்கிவிடுகிறது.

தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. ‘நடந்தான்’ என்பதை யாப்பிலக்கணம் நடந்/தான் என அலகிடும். பகுபத உறுப்பிலக்கணம் நட+த்(ந்)+த்+ஆன் எனப் பிரிக்கும். ‘தான்’ என்னும் ஓரசைக்குள் இடைநிலையும் விகுதியும் அடங்கக் கண்டவர், அதே கண்கொண்டு வேதியியல் நூலையும் படிக்கலாமே! ‘லிசிஸ்’ என்னும் உறுப்பை அறிந்தவர்க்கு, நீரைச் சுட்டும் ‘ஹைட்ரோ’வோடு அது சேர்ந்த ‘ஹைட்ராலிசிஸ்’ தானே விளங்கும். மின்னாற்பகுத்தல், நீராற்பகுத்தல் என்னும் தமிழ்க் கலைச்சொற்களும் இவ்வுறுப்புகளின் வழியே அமைந்தவை.

எனினும், உறுப்பின் பொருளையே அறிவியல் உண்மையாகக் கொள்ளுதல் தகாது. ‘ஆக்சிஜன்’ என்பதற்கு அமிலத்தை உண்டாக்குவது என்பது பொருள். அமிலங்கள் அனைத்திலும் அவ்வளி உண்டு எனக் கருதிய லவாய்சியர் இட்ட பெயர் அது. 1810இல் ஹம்ப்ரி டேவி குளோரினைத் தனிமம் என அறிவித்தபோது, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பது தெளிவாயிற்று. பெயரோ அப்படியே நிலைத்துவிட்டது.