மேடிட்ட இரு விசைகள்

ஆசிரியருக்கு,

விசைப்பலகையைப் பாராமல் பத்து விரல்களாலும் தட்டச்சிடும் முறை, திரையில் விழும் எழுத்துகளை அவை தரை தொடுமுன் அடித்து வீழ்த்தும் விளையாட்டுகளால் சிறுவர்க்கு விரைவில் கைவருகிறது. ஆயினும் வேகத்தின் மீதுள்ள ஆசையால் முதுகு கூனி, மணிக்கட்டு மேசை விளிம்பில் அழுந்த ஆடிப் பழகினால், அதை மாற்றுவது அரிது. பாதங்கள் தரையில் படிய, முழங்கை ஏறத்தாழச் செங்கோணமாக மடிய, ஆள்காட்டி விரல்கள் சிறு மேடுள்ள இரு விசைகளைத் தடவி உணர்வதே முதற்பாடமாதல் வேண்டும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் அம்மேடுகள் ஆய்தத்திலும் பகரத்திலும் அமைகின்றன. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் பெரும்பாலான மெய்கள் வலக்கைக்கும் உரியவை என்பதால், ‘பூ’ என்று அடிக்கையில் வலக்கை தொடங்கியதை இடக்கை முடிக்கிறது. இத்தாளத்தைப் பழக்கும் தமிழ் விளையாட்டுகள் பள்ளிக் கணினி அறைகளுக்கு உடனே தேவை.

இங்ஙனம்,
வாசகர்