தூக்கிய வண்டிக்குத் தப்பான கணக்கு

அமெரிக்காவில் பிக்கப் வண்டி வாங்கும் பலர் வாங்கிய சூட்டோடு செய்யும் காரியம், அதை இன்னும் நான்கு அங்குலம் தூக்குவது. லிஃப்ட் கிட் ஏறியதும் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுகிறது. நேற்று வரை கம்பீரமாக இருந்த டயர் இன்று சிறுத்துப்போய்த் தெரிகிறது. உடனே கடைக்காரரும் கூட்டாளிகளும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: இடம்தான் இருக்கிறதே, கொள்கிற மட்டும் பெரிய ரிம்மும் பெரிய டயரும் போட்டுவிடு, வண்டி எங்கு வேண்டுமானாலும் ஏறும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடம் தேவையான நேரத்தில் இருப்பதில்லை. பெரிய ரிம் என்பது பெரிய டயருக்குத் துணை அல்ல, எதிரி. வண்டியை முதலில் தூக்கிவிட்டு, அந்த உயரத்துக்கு ஏற்ற டயரைப் பிறகு தேடுவது என்ற வரிசையே தலைகீழானது.

ரிம்மிலிருந்து தொடங்குவோம், குழப்பம் அதிகம் அங்குதான். 2016 முதல் 2023 வரை விற்பனையான டொயோட்டா டகோமாவின் டயர் அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிஆர்டி ஆஃப்-ரோடு வகைக்கு 265/70 ஆர் 16; டிஆர்டி ஸ்போர்ட்டுக்கு 265/65 ஆர் 17; சொகுசான லிமிடெட்டுக்கு 265/60 ஆர் 18. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் சைடுவாலின், அதாவது டயரின் பக்கச்சுவரின், உயரம் என்பது. மூன்றாவது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பெருக்கிக் கூட்டினால் மூன்று டயர்களின் மொத்த விட்டமும் 777, 776, 775 மில்லிமீட்டர் என்று வருகிறது. அதாவது மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம். மாறுவது ரிம் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்ற பங்கீடு மட்டுமே. அந்தப் பங்கீட்டில், கல்லிலும் மண்ணிலும் ஏற வேண்டிய வண்டிக்கு டொயோட்டா கொடுத்தது மிகச் சிறிய ரிம்மை. கடைத்தெருவுக்கும் விடுதி வாசலுக்கும் போகிற வண்டிக்கு மிகப் பெரியதை. ஃபோர்டும் இதையே செய்தது. எஃப்-150 லிமிடெட்டில் 22 அங்குல ரிம், பாலைவனத்தில் பறப்பதற்கென்றே கட்டிய ராப்டரில் 17. பெரிய ரிம் கரடுமுரடான நிலத்துக்கு உதவும் என்றால், இந்த இரண்டு நிறுவனங்களின் பொறியாளர்களும் எல்லாவற்றையும் நேர்மாறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

அவர்கள் புரிந்துகொண்டது சரிதான் என்பதற்குக் காரணம் காற்று. ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ எடை உட்கார்ந்திருக்கிறது, டயரில் 32 பிஎஸ்ஐ காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையைத் தாங்க டயர் தரையில் ஏறத்தாழ 220 சதுர சென்டிமீட்டர் பதிந்தாக வேண்டும். டயரை அகலமாக்கினால் இந்தப் பரப்பு பெரிதாகக் கூடுவதில்லை; அதன் வடிவம்தான் மாறுகிறது. பரப்பைக் கூட்ட வேண்டுமானால் காற்றை இறக்க வேண்டும். மணலில் போகிறவர்கள் 15, 18 பிஎஸ்ஐ வரை இறக்குவது இதற்காகத்தான். காற்றை இறக்கினால் சைடுவால் மடிந்து பிதுங்கும். அது பிதுங்குவதற்கு உயரம் வேண்டும். உயரம் குறைவாக இருந்தால் ஒரு கூர்ங்கல்லில் ஏறும்போது ரப்பர் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே சிக்கி வெட்டுப்படும், இல்லாவிட்டால் ரிம்மின் உதடு வளையும். இப்போது 35 அங்குல டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 17 அங்குல ரிம்மில் அதன் சைடுவால் 229 மில்லிமீட்டர். 20 அங்குல ரிம்மில் 190. 22-இல் 165 மட்டுமே. டகோமா ஆஃப்-ரோடு கம்பெனியிலிருந்து வரும்போதே அதன் சைடுவால் 185. ஆக, பெரும் பணம் கொட்டி 22-இன் மேல் 35 மாட்டியவர், தூக்காத டகோமாவைவிடக் குறைந்த ரப்பரின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறார். பிரேக் பெரிதாக இருப்பதால் சில வண்டிகளுக்குப் பெரிய ரிம் கட்டாயம் என்பது உண்மை. முக்கால் டன், ஒரு டன் பிக்கப்புகளில் 17-க்குக் கீழே காலிப்பர் இடிக்கும். அது பிரேக் கேட்கும் அளவு. அதற்கு மேலே ஏற்றும் ஒவ்வொரு அங்குலமும் காட்சிக்காக ஏற்றுவது.

அடுத்தது அந்த இடைவெளி. தூக்கிய வண்டி சமதளத்தில் நேராக நிற்கும்போது மட்கார்டுக்குள் கையை விட்டு அளந்து, இவ்வளவு பெரிய டயர் கொள்ளும் என்று முடிவுகட்டுகிறார்கள். நேராக நிற்கும் வண்டியில் எந்த டயரும் உரசாது. உரசல் வருவது இரண்டு நிலைகளில்: ஸ்டீரிங்கை முழுக்க ஒடிக்கும்போதும், ஒரு பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போதும். ஒடிக்கும்போது முன்டயரின் பின்விளிம்பு உள்பக்கமாகச் சுழன்று, கேபினைச் சேசிஸோடு பிணைக்கும் தாங்கியின் பக்கம் போகிறது. வண்டியை நான்கு அங்குலம் தூக்கினாலும் அந்தத் தாங்கி முன்னும் பின்னும் நகர்வதில்லை. அமுங்கும்போதோ, சக்கரத்தின் ஏற்றத்தைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப்பை மாற்றாத வரை, நீளமான ஸ்பிரிங் போட்டுத் தூக்கிய வண்டியின் சக்கரமும் தூக்காத வண்டியின் சக்கரமும் மேலே ஏறிப் போய் நிற்பது ஒரே இடத்தில். லிஃப்ட் கொடுத்த இடம், சக்கரம் சும்மா இருக்கும்போது மட்டும் இருக்கும் இடம். அதனால்தான் டகோமாவில் பெரிய டயர் போடுகிறவர்களில் பலர் கடைசியில் அந்தக் கேபின் தாங்கியின் மூலையை வெட்டித் தகடு வைத்து வெல்டிங் செய்கிறார்கள். செருப்புக்காகக் காலைத் தறிக்கும் வேலை இது. ஆனால் அதற்கென்றே ஒரு தொழில் நடக்கிறது.

உரசலைத் தவிர்க்கச் சிலர் பிடிக்கும் குறுக்குவழி, சக்கரத்தை வெளியே தள்ளுவது. கம்பெனி ரிம்களின் ஆஃப்செட் பெரும்பாலும் பிளஸ்ஸில் இருக்கும், அதாவது சக்கரம் உள்ளடங்கி நிற்கும். சந்தையில் கிடைப்பவை மைனஸ் 12, மைனஸ் 25, மைனஸ் 44 மில்லிமீட்டர் என்று போகின்றன. உள்பக்கம் உரசுவது இதனால் நிற்கலாம். ஆனால் வெளியே தள்ளிய சக்கரம் திரும்பும்போது இன்னும் பெரிய வட்டம் போடுவதால், பம்பரிலும் மட்கார்டின் விளிம்பிலும் புதிய உரசல் தொடங்குகிறது. வீல் பேரிங்கின் மேல் நெம்புவிசை கூடுகிறது, ஸ்டீரிங் ஒவ்வொரு குழியிலும் கையை இழுக்கிறது, சேறெல்லாம் கதவில் அப்புகிறது. இதற்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் ஒன்று சொல்வார்கள்: சக்கரம் அகன்று நின்றால் வண்டி கவிழாது, தூக்கியதால் வந்த ஆபத்து ஈடாகிவிடும். ஈடாகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் கவிழும் அபாயத்தை எடைபோட ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது: இடது, வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 2001-இல் அது நட்சத்திரங்களை வகுத்தபோது 1.13 முதல் 1.24 வரை மூன்று நட்சத்திரம், 1.03-உம் அதற்குக் கீழும் ஒரே நட்சத்திரம். எடுத்துக்காட்டுக்கு, சக்கர இடைவெளி 1600 மில்லிமீட்டர், ஈர்ப்பு மையம் 700 மில்லிமீட்டர் உயரம் என்று ஒரு பிக்கப்பை எடுத்துக்கொண்டால் விடை 1.14. லிஃப்ட் 100, டயர் 50 என்று ஏற்றினால், ஆக்சில் முதலியவை லிஃப்ட்டில் ஏறாது என்பதைக் கழித்தும் மையம் 130 மில்லிமீட்டராவது மேலே போகும்; விடை 0.96. இரு பக்கமும் 25 மில்லிமீட்டர் சக்கரத்தைத் தள்ளினால் கிடைப்பது 0.99. விலாசம் மாறவில்லை, ஒற்றை நட்சத்திரத்திலேயேதான் நிற்கிறது.

பிறகு வண்டியின் மற்ற உறுப்புகள். டகோமாவின் 30.6 அங்குல டயரை எடுத்துவிட்டு 35 போட்டால் சக்கரத்தின் சுற்றளவு 14 சதவீதம் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 114-இல் போகிறது. இதையாவது மென்பொருளில் திருத்திவிடலாம். ஆனால் மேலே சொன்ன டகோமாவின் ஆட்டோமேட்டிக் வகையில் ஆக்சில் கியர் விகிதம் 3.91, புதிய டயர் அதை 3.42 போல நடந்துகொள்ள வைக்கிறது. ஏற்றத்தில் வண்டி மூச்சுவாங்கும், கியர்பாக்ஸ் கீழ்க் கியருக்கும் மேல் கியருக்கும் இடையே தத்தளிக்கும், எண்ணெய் சூடேறும். பிரேக் பெடலை அதே பலத்தில் மிதித்தால் தரையில் விழும் பிடிப்பு எட்டில் ஒரு பங்கு குறையும், காரணம் அதே காலிப்பர் இப்போது நீண்ட நெம்புகோலை எதிர்த்து நிற்கிறது. கனரக 35 அங்குல டயர் ஒன்று 30 கிலோவைத் தொடும். அந்த எடை வண்டியில் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை, சுழல்கிறது, குதிக்கிறது. ஷாக் அப்சார்பரும் பால் ஜாயின்ட்டும் அதை ஒவ்வொரு குழியிலும் அடக்கியாக வேண்டும். கியர் விகிதத்தை மாற்ற வேண்டுமென்றால் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டையும் பிரிக்க வேண்டும். லிஃப்ட் விற்கும்போது இந்தச் செலவைச் சேர்த்துச் சொல்கிற கடைகள் குறைவு.

இதற்கெல்லாம் எதிராக ஒரு வாதம் இருக்கிறது, அதற்கு வலுவும் உண்டு. பின் ஆக்சிலின் டிஃபரென்ஷியல் உருண்டைதான் பிக்கப்பில் தரைக்கு மிக அருகே தொங்குவது. எத்தனை அங்குல லிஃப்ட் போட்டாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்த டயரைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு சுலபமான வழி இல்லை. முற்றிலும் சரி. ஆனால் எவ்வளவு உயர்த்துகிறது என்றும் கேட்க வேண்டும்: டயர் கூடிய விட்டத்தில் பாதி. 30.6-இலிருந்து 33-க்குப் போனால் 30 மில்லிமீட்டர். 33-இலிருந்து 35-க்குப் போனால் இன்னும் 25. மேலே சொன்ன வெல்டிங்கும் கியர் மாற்றமும் பெரும்பாலும் இந்தக் கடைசி 25-க்காகக் கொடுக்கும் விலை. இந்த வாதம் லிஃப்ட்டையோ பெரிய ரிம்மையோ காப்பாற்றவில்லை என்பதையும் கவனியுங்கள். டயரை மட்டுமே காப்பாற்றுகிறது.

கம்பெனிகளே 35-உம் 37-உம் போட்டு விற்கின்றனவே என்பது இன்னொரு கேள்வி. விற்கின்றன. ஜீப் ராங்லர் ரூபிகானுக்கு 35 அங்குல டயர் தந்த எக்ஸ்ட்ரீம் ரீகான் தொகுப்பைப் பிரித்துப் பாருங்கள்: ரிம் 17 அங்குலம், லிஃப்ட் வெறும் ஒன்றரை அங்குலம், ஆக்சில் விகிதம் 4.56, ஸ்டெப்னியின் எடை கூடியதால் பின்கதவின் கீல் வரை வலுவாக்கியிருக்கிறார்கள். 2021 ராப்டரில் 35 போட்ட வண்டியின் தரை இடைவெளி 12 அங்குலம், 37 போட்டால் 13.1. இரண்டு அங்குல டயருக்கு ஓர் அங்குலச் சொச்சம். ஆனால் முன் சக்கரம் மேலும் கீழும் ஆடும் தூரம் 14-இலிருந்து 13 அங்குலமாகக் குறைகிறது. ஒரு கம்பெனி தன் முழுத் தொழிற்சாலையையும் வைத்துக்கொண்டு கட்டும்போதே எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் பெரிய டயரை வாங்க முடிகிறது. ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப்புக்கு 38 அங்குல டயர் மாட்டுவது இன்னும் நல்ல பாடம். அங்கே ஆழ்பனியின் மேல் புதையாமல் மிதக்க வேண்டும், அதற்காகக் காற்றைச் சில பிஎஸ்ஐ வரை இறக்குகிறார்கள். ரிம் 15 அங்குலம். சக்கர வளைவை வெட்டி அகற்றி டயருக்கு வழிவிடுகிறார்கள். நிலம் டயரைக் கேட்டது, டயர் மற்றதையெல்லாம் கேட்டது.

ஹைலக்ஸ் 2022-இல் இந்தியாவுக்கும் வந்தது, 265/65 ஆர் 17, 265/60 ஆர் 18 என்ற டகோமாவின் அதே அளவுகளில். அமெரிக்கப் படங்களைப் பார்த்து இங்கேயும் அதே ஆசை துளிர்க்கிறது. இங்கே கூடுதலாக ஒரு சட்டச் சிக்கல் உண்டு: உற்பத்தியாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அழகுக்காகப் போடுகிறேன், உனக்கென்ன என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. அழகு ஒரு காரணம்தான். அதைக் காரணம் என்று ஒப்புக்கொண்டால் போதும். காடுமேடு ஏறுவதற்காக என்று சொல்லிக்கொண்டு 22 அங்குல ரிம் வாங்குவதுதான் ஏமாற்று. உண்மையிலேயே காடுமேடு ஏறுகிறவர் தொடங்க வேண்டிய இடம் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாள். டயர் அளவு, காற்றழுத்தம், வண்டி தாங்கும் சுமை எல்லாம் அதில் இருக்கின்றன. எவ்வளவு சுமை, எந்த நிலம், கியர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து டயரின் விட்டத்தை முடிவு செய்யலாம். பிரேக்கைத் தொடாத மிகச் சிறிய ரிம்மையும், கம்பெனி அளவை ஒட்டிய ஆஃப்செட்டையும் அதன்பின் தேடலாம். முழுக்க ஒடித்து, முழுக்க அமுக்கிப் பார்த்து, அப்போதும் இடித்தால் பம்ப் ஸ்டாப்பையும் சேர்த்து மாற்றி, இடிக்கிற அளவுக்கு மட்டும் தூக்கலாம். டயர் வாங்கும்போது ஐந்தாக வாங்க வேண்டும் என்பது பலருக்கு மறந்துபோகிறது. 35 அங்குல டயர் டகோமாவின் சரக்குத் தொட்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் நுழையாது. பழைய சிறிய டயரே அங்கே தொங்கும். பஞ்சரான அன்று அதைப் பின் ஆக்சிலில் மாட்டினால், இரண்டு பக்கமும் வெவ்வேறு சுற்றளவோடு டிஃபரென்ஷியல் ஓயாமல் அரைபட்டுக்கொண்டே வரும். அந்த நிலையில் நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுத்தால் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து இறுகும். தூக்கிய வண்டியை வைத்துக்கொண்டு, சேற்றை விட்டு வெளியேற இரண்டு சக்கர விசையை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும்.