நூறு நாள் கணக்கு!

மெரினாவில் நின்னு பார்த்தா கப்பல் தெரியும், கட்டுமரம் தெரியும். கேபிள் மட்டும் தெரியாது பாஸ்! சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-லேயே கடலுக்கடியில் ஒரு கேபிள் போட்டுட்டாங்க. பேரு 'ஐ-டூ-ஐ'. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். பார்தியும் சிங்டெல்லும் சேர்ந்து போட்டது. விநாடிக்கு 8.4 டெராபிட் வரைக்கும் தாங்கும்னு டிசைன். அப்போ நாமெல்லாம் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, மெயில் ஓப்பன் ஆகுதான்னு காத்துக் கிடந்த காலம்!

இவ்வளவு பெரிய குழாயை எந்த தைரியத்தில் வாங்கினாங்க? அதுதான் இந்த வார மேட்டர்.

கடலடி கேபிள் போட இரண்டு, மூணு வருஷம் ஆகும். ஆயுசு சுமார் 25 வருஷம். ஹாஸ்டல் மெஸ் மாஸ்டர் தினமும் தலையை எண்ணி அரிசி போடலாம். கேபிள் வாங்குறவர் 25 வருஷத்து அரிசியை இன்னிக்கே உலையில் போட்டாகணும். அதனால எல்லாமே ஒரே ஒரு கேள்வியில் நிற்குது: இன்டர்நெட் டிராஃபிக் எவ்வளவு வேகமா வளரும்?

1990-களின் கடைசியில் எல்லார் வாயிலும் ஒரே பதில்: 'நூறு நாளுக்கு ஒரு தடவை இரட்டிப்பாகுது!' அமெரிக்க வர்த்தகத் துறையின் 1998 அறிக்கையே இதைச் சொன்னது. ஆனா, ஏடி அண்ட் டி ஆய்வுக்கூடத்தில் இருந்த காஃப்மன், ஒட்லிஸ்கோ என்ற இரண்டு பேர் உட்கார்ந்து நிஜமாவே எண்ணிப் பார்த்தாங்க. 1995, 96-ல் மட்டும்தான் அந்த வேகம் இருந்திருக்கு. அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் இரட்டிப்பு.

'ரெண்டும் இரட்டிப்புதானே?'ன்னு கேட்காதீங்க. பேப்பர், பேனா எடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவைன்னா அஞ்சு வருஷத்தில் 32 மடங்கு. நூறு நாளுக்கு ஒரு தடவைன்னா ஏறக்குறைய மூணு லட்சம் மடங்கு! இந்தக் கணக்கை நம்பி ஆளாளுக்குக் கடனை வாங்கி கேபிள் போட்டாங்க. போதாததுக்கு, கரையில் இருக்கிற கருவியை மட்டும் மாத்தி, அதே கண்ணாடி இழையில் பல நிற ஒளிகளை ஒண்ணா அனுப்பும் வித்தையும் வந்துடுச்சு. சரக்கு குவிஞ்சுது, விலை சரிஞ்சுது.

2002 ஜனவரியில் குளோபல் கிராஸிங் திவால். ஏப்ரலில் ஃபிளாக் டெலிகாம். டைகோ கம்பெனி 200 கோடி டாலருக்கும் மேல கொட்டி உலகத்தைச் சுத்திப் போட்ட நெட்வொர்க்கை, நம்ம வி.எஸ்.என்.எல். வெறும் 13 கோடி டாலருக்கு அள்ளிக்கிட்டு வந்துச்சு. 2004-ல் பேசி, 2005-ல் முடிஞ்ச டீல். ஃபிளாக்கை ரிலையன்ஸ் வாங்கினது 20.7 கோடி டாலருக்கு. ஒருத்தரோட தப்புக் கணக்கு, இன்னொருத்தருக்கு ஆடித் தள்ளுபடி!

அதுக்கப்புறம் மாறினது டிராஃபிக்கின் அளவு மட்டும் இல்லை, குணமும்தான். அந்தக் காலத்தில் கேபிளில் போனது மனுஷங்க பேச்சு. அதனால வாங்கினவங்க டெலிபோன் கம்பெனிகள். இப்போ நீங்க பார்க்கிற வீடியோ ஒவ்வொரு தடவையும் அமெரிக்காவிலிருந்து நீந்தி வர்றதில்லை. பலரும் பார்க்கிற வீடியோவின் நகல் உங்க ஊர் பக்கமே இருக்கும். கடலைக் கடக்கிறதில் பெரும்பகுதி, ஒரு டேட்டா சென்டர் இன்னொரு டேட்டா சென்டருக்கு அனுப்பும் நகல்கள்.

அந்த டேட்டா சென்டர்கள் யாரோடது? அவங்கதான் இப்போ கேபிள் வாங்குறாங்க. 2008-ல் பசிபிக்கில் போடத் திட்டமிட்ட 'யூனிட்டி' கேபிளில் ஆறு கம்பெனிகளில் ஒண்ணா கூகுள் சேர்ந்தது. 2017-ல் மைக்ரோசாஃப்ட்டும் ஃபேஸ்புக்கும் 'மரேயா'வைப் போட்டு முடிச்சாங்க. வழக்கமான நியூயார்க் பக்கம் போகாம, வர்ஜீனியா பீச்சில் கரையேத்தினாங்க. ஏன்னா, டேட்டா சென்டர்கள் கூட்டமா இருக்கிறது வர்ஜீனியாவில்! 2021-ல் வந்த 'டூனான்ட்' முழுக்க முழுக்க கூகுளுக்கே சொந்தம்.

முன்னாடி கேபிளில் கொஞ்சம் கொள்ளளவை, பதினஞ்சு வருஷ உரிமைன்னு வாங்குவாங்க. பஸ்ஸில் சீட் பிடிக்கிற மாதிரி. இப்போ பெரிய ஆளுங்க பஸ்ஸையே வாங்கிடறாங்க. பஸ் அவங்களோடதுன்னா, ரூட்டும் அவங்க முடிவு. சின்ன நாடுகளுக்கு இதுதான் கவலை.

இப்போ ஏ.ஐ. வந்து அதே பாட்டைப் பாட ஆரம்பிச்சிருக்கு. 2025 பிப்ரவரியில் மெட்டா அறிவிச்ச 'வாட்டர்வொர்த்' 50,000 கிலோமீட்டருக்கும் மேல. இந்தியாவையும் தொடும். இந்தக் கணக்கு ஜெயிக்கலாம், தோற்கலாம். ஆனா நாளைக்கு உங்க கேம்பஸ் இன்டர்வியூவிலோ, முதல் வேலையிலோ யாராவது 'இது இத்தனை நாளில் இரட்டிப்பாகும்'னு சொன்னா, தலையை ஆட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'யார் சார் எண்ணினது?'

1998-ல் அதைக் கேட்டிருந்தா, பல பேர் பணம் கடலுக்கு அடியில் போயிருக்காது!